எல்லாக் கையும் பட்ட கம்பம்

மொம்பாசா
12 பிப்ரவரி 1991

அன்புத் தங்கை ரிஸ்பாவுக்கு,

அண்ணன் நாஷோன் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அண்ணி பெரெஸும் பிள்ளைகளும் இங்கே சுகம். உன் சுகமும் பெண் பிள்ளைகள் இருவரின் சுகமும் அறிய ஆவல். எனக்கு இருமல் மட்டும் விடவில்லை. "மச்சான், படகு மோட்டார் மாதிரி இருமுறீங்க" என்று உன் புருஷன் ஹபில் கேலி செய்வானே, அதே பழைய இருமல்தான். சிமெண்டுக் கிடங்கில் நாள் முழுக்க நிற்கிறவனுக்கு வேறு என்ன வரும்? அதை விடு.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உன் கொழுந்தன் ஓகோலா ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறான். ஹபில் ஏரியில் மூழ்கிப் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. வழக்கப்படி அண்ணன் பெண்டாட்டியை ஏற்றுக்கொள்ள அவன் தயார். நீ முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாயாம். ஏன் ரிஸ்பா? உன் கூரை எப்படி இருக்கிறது என்று அடக்கத்துக்கு வந்தபோதே பார்த்தேன். மார்ச்சில் மழை. எந்த ஆம்பிளை வந்து கம்பம் மாற்றுவான்? விதவை வீட்டில் முதல் கம்பத்தை நடுகிறவன் அவளுக்குப் புருஷன் என்று ஆகிவிடும். இதை நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உன்னை ஒருத்தன் ஏற்கும்வரை நம் அப்பா வீட்டு வாசலுக்குள்ளும் நீ காலெடுத்து வைக்க முடியாது. அண்ணன் வீட்டுக்கு வர முடியாத தங்கச்சி என்று ஒருத்தி எனக்கு வேண்டாம்.

ஒத்துக்கொள். இது அப்பா இருந்திருந்தால் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தை.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.
உன் அண்ணன்,
நாஷோன்


கோதுவோர்
3 மார்ச் 1991

அன்புள்ள அண்ணனுக்கு ரிஸ்பாவின் ஸ்தோத்திரம்.

நாங்கள் சுகம். பெரியவள் வளர்ந்துகொண்டே போகிறாள், பாவாடை மேலே ஏறிக்கொண்டே போகிறது. அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா? உங்கள் இருமலுக்கு எலுமிச்சையும் தேனும் குடிக்கச் சொன்னேன். குடித்திருக்க மாட்டீர்கள்.

ஓகோலாவுக்கு ஏற்கெனவே பெண்டாட்டி இரண்டு. மூன்றாவதாக அவன் கண் வைத்திருப்பது என் மேல் இல்லை, ஹபிலின் படகு மேல். அது எனக்கும் தெரியும், படகுக்கும் தெரியும். ஆனால் அண்ணா, அவன் தங்கமான மனுஷனாகவே இருந்தாலும் நான் மாட்டேன். ஏன் என்று சரியாகச் சொல்ல வரவில்லை. பாட்டுக்குழுவின் நீலச் சட்டைக்காகச் சபைக்குப் போனவள் நான், அது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஹபிலைக் குழிக்குள் இறக்கியபோது அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தேன். அன்றைக்கு முதல் தடவையாக, பாடிய பாட்டெல்லாம் நிஜமா என்று யோசித்தேன். நிஜம் என்றால், என்னைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர் இருக்கிறார். அப்படியிருக்க, ஒரு கம்பத்துக்காக ஒருத்தன் கையில் என்னைக் கொடுப்பது எப்படி?

போதகர் எல்கானாவிடம் போனேன். "ஐயா, நீங்க வந்து ஒரே ஒரு கம்பம் நட்டுக் குடுங்க" என்றேன். குடித்துக்கொண்டிருந்த தேநீர் மனுஷருக்குப் புரையேறிவிட்டது. உள்ளே இருந்த அவர் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்தினார்.

"ரிஸ்பா, நான் உனக்காக ஜெபம் பண்றேன்."

"ஜெபத்தை எங்க நடுறது ஐயா? குழி தோண்டி வச்சிருக்கேன்" என்றேன்.

நல்ல மனுஷர்தான், பயந்துவிட்டார். உங்களைக் கூப்பிடவும் வழியில்லை. அண்ணன் நட்டால் அதைவிடக் கேவலம். ஆகவே கூரை அப்படியே இருக்கிறது. என் மேல் கோபம் வேண்டாம்.

இப்படிக்கு,
ரிஸ்பா


கோதுவோர்
28 ஏப்ரல் 1991

அண்ணா,

ஸ்தோத்திரம். பதில் வரவில்லை. தபால்காரன்மேல் பழியைப் போட்டுவிட்டு எழுதுகிறேன். அங்கே எல்லோரும் சுகம் என்றே நினைக்கிறேன்.

மழை வந்துவிட்டது. போன வாரம் மத்தியானத்தில் ஏரிப் பக்கமிருந்து ஒரு காற்று. கூரையின் பாதிப் புல் கட்டில்மேல் வந்து விழுந்தது. பிள்ளைகளை மேசைக்கு அடியில் உட்கார வைத்து, ஹபிலின் கோட்டை மேலே போர்த்திவிட்டு, நானும் நுழைந்துகொண்டேன். இடுப்புவரை ஈரம். எனக்கு ஜெபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "ஆண்டவரே, எனக்குப் புருஷன் வேணாம், கூரை வேணும். அது ஒமக்கு அவ்வளவு கஷ்டமா?" என்று சத்தமாகவே கேட்டேன். சின்னவள் "யாரைத் திட்டுறேம்மா?" என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

அண்ணா, இதை நீங்கள் நம்பினாலும் சரி, விட்டாலும் சரி. குரல் எதுவும் கேட்கவில்லை, வெளிச்சமும் வரவில்லை. மழையும் நிற்கவில்லை. ஆனால் ஹபில் போன நாளிலிருந்து என் வயிற்றுக்குள் கிடந்த பயம் எழுந்து போய்விட்டது. அந்த மேசைக்கு அடியில் நான் தனியாக இல்லை என்பது நான் சாப்பிடுகிற களி மாதிரி அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது. மழை விடும்வரை பாடிக்கொண்டிருந்தோம்.

மழை விட்டதும் யூனியா வந்து நின்றாள். ஆற்றங்கரைப் பக்கத்துப் பெண், போன வருஷம் புருஷனை இழந்தவள், இடுப்பில் கைக்குழந்தை. அவள் குடிசை முழுசாகவே விழுந்துவிட்டது. ஏற்றுக்கொள்ள வந்தவனை அவளும் வேண்டாம் என்றிருக்கிறாள். "உங்க வீட்லேருந்து பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. பாடுறவங்க வீட்ல கூரை இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். நான் மேலே கையைக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

நான் கேட்டது ஒரு கூரை. ஆண்டவர் அனுப்பியது கூரையில்லாத இன்னொருத்தி. இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு.
ரிஸ்பா


மொம்பாசா
9 ஜூன் 1991

ரிஸ்பாவுக்கு,

நாங்கள் சுகம்.

நீ எழுதியதைப் படித்தேன். அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். அவள் அழுதாள், நான் அழவில்லை. மேசைக்கு அடியில் உட்கார்ந்து பாடுவதற்கா உன்னைக் கட்டிக் கொடுத்தோம்? சித்தப்பா ஓபியேரோ ஊரிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார். நீ இப்படியே இருந்தால் வீட்டுக்குச் சிராச் சாபம் பிடிக்கும் என்கிறார். முறையை மீறினவள் வீட்டில் ஒருத்தர் இளைத்து இளைத்துச் சாவதைச் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்? எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்காதே. இல்லை என்று தைரியமாகச் சொல்லவும் வரவில்லை.

எனக்கு இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

துறைமுகத்தில் கழித்துப் போட்ட தார்ப்பாய் ஒன்றைக் கேட்டு வாங்கி லாரிக்கார நண்பனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஒரு மூலை கிழிந்திருந்தது, அண்ணி தைத்திருக்கிறாள். கட்டிலுக்கு மேலே கட்டு. யூனியா என்கிறவளுக்கும் பாதி வரும்.

நாஷோன்


கோதுவோர்
18 ஆகஸ்ட் 1991

அன்பான அண்ணனுக்கு ஆயிரம் ஸ்தோத்திரம்.

தார்ப்பாய் வந்தது. கப்பல் வாசம் அடிக்கிறது. பிள்ளைகள் அதற்குக் கீழே படுத்துக்கொண்டு மொம்பாசாவுக்குப் போகிறார்களாம். அண்ணியின் தையலைத் தடவிப் பார்த்தேன். எல்லோரும் சுகம்.

இங்கே நடந்த கூத்தைக் கேளுங்கள். என் வீட்டை விட யூனியா வீடு முதலில் என்று முடிவு செய்தோம். எந்த ஆண் நட்டாலும் புருஷன் ஆகிறான் என்றால் பெண்களே நட்டுவிடுவது. குழி தோண்டினோம், மரம் சுமந்தோம், ஜெபம் பண்ணினோம், நாலைந்து விதவைகள் சேர்ந்து வாசல் கம்பத்தைத் தூக்கினோம். அண்ணா, பச்சை மரம் என்ன கனம் தெரியுமா? பாதி தூக்கியதும் சாய்ந்தது. குழந்தையோடு நிற்கிற யூனியா பக்கமாகவே சாய்ந்தது.

படகு செய்கிற சப்லோன் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தான். பாய்ந்து வந்து பிடித்தான். பிடித்த வேகத்தில், தொழில்காரன் இல்லையா, அதை நேராக நிமிர்த்திக் குழிக்குள் இறக்கி, காலால் மண்ணையும் மிதித்துவிட்டான். அப்புறம்தான் தான் செய்தது என்ன என்று அவனுக்கு உறைத்தது. மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். "மாப்ள, விருந்து எப்ப?" என்றார் ஒருவர். சப்லோன் ஓடிப் போய்ப் பாதி செய்த படகுக்குள் படுத்துக்கொண்டான்.

சாயங்காலம் அவன் பெண்டாட்டி டோர்க்கா களி கிண்டுகிற துடுப்போடு வந்தாள். யூனியா கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள். டோர்க்கா அவளைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், விழுந்து கிடந்த குடிசையைப் பார்த்தாள். அடிக்க ஓங்கிய துடுப்பைக் கீழே போட்டுவிட்டு, கம்பத்தைக் கட்டிப் பிடித்து ஒற்றை ஆளாகப் பிடுங்கினாள். "கல்யாணம் முறிஞ்சு போச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றாள். கம்பத்தை விறகுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஊரே சிரிக்கிறது. ஓகோலா என் வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் இருமிக் காட்டுகிறான். எனக்கு அழுகையாக வருகிறது, ஆனால் நிறுத்த மனம் வரவில்லை. பயத்தை எடுத்துக்கொண்டு போனவர் என்னைப் பாதியில் விட்டுவிட்டுப் போவாரா?

பதில் எழுதுங்கள், திட்டியாவது எழுதுங்கள்.
ரிஸ்பா


மொம்பாசா
22 செப்டம்பர் 1991

என் அருமைத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தைக் கிடங்கில் வைத்துப் படித்தேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, மேஸ்திரி தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. அவருக்கும் சொன்னேன். இப்போது துறைமுகம் முழுக்க சப்லோன் கல்யாணம்தான் பேச்சு. யாராவது மூட்டை கீழே விழாமல் பிடித்தால் "மாப்ள" என்கிறார்கள்.

நான் உன் பக்கம் வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஆனால் உன் இடத்தில் நான் இருந்திருந்தால் எப்போதோ ஓகோலாவுக்குச் சரி என்று சொல்லியிருப்பேன். அந்தத் தைரியம் எனக்கு எங்கிருந்தும் வந்திருக்காது. இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

ஒரு வேடிக்கை தோன்றியது. இங்கே கப்பலைக் கரைக்கு இழுத்துக் கட்டும்போது கயிற்றை நாற்பது ஐம்பது பேர் பிடிப்போம். யார் இழுத்து வந்தது என்று கேட்டால் யாரைக் காட்டுவாய்? ஒருத்தன் நட்டால் புருஷன். சபை மொத்தமும் ஒரே கம்பத்தைப் பிடித்து நட்டால், பாவம் அந்தப் பெரியவர்கள் யாரை மாப்பிள்ளை என்பார்கள்? சும்மா எழுதினேன், சிரித்துவிட்டு விடு.

அண்ணி முழங்கால் பரவாயில்லை. தேன் குடிக்கிறேன்.
நாஷோன்


கோதுவோர்
14 ஜனவரி 1992

என் அண்ணனுக்கு,

கர்த்தர் உங்களையும் அண்ணியையும் பிள்ளைகளையும் காப்பாராக. புது வருஷ வாழ்த்து.

நான் சிரித்துவிட்டு விடவில்லை அண்ணா. உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகப் போதகர் வீட்டுக்குப் போனேன். அவர் இரண்டு தடவை படித்தார். அப்புறம் எழுந்து உள்ளே போய் மனைவியிடம் ஏதோ பேசினார். வெளியே வரும்போது இரண்டு பேரும் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் சபை அப்படியே பாடிக்கொண்டு யூனியா வீட்டுக்குப் போனது. புருஷன்மார், பெண்டாட்டிமார், பாட்டுக்குழு, எல்லோரும். கம்பத்தை மேலிருந்து கீழ்வரை கைகளாகவே மூடிவிட்டோம். சப்லோன் கை டோர்க்கா கைக்கு அடியில் இருந்தது, அவள் விடவே இல்லை. போதகர் ஜெபித்தார், எல்லோரும் ஆமென் சொன்னோம், கம்பம் குழிக்குள் இறங்கியது.

மரத்தடிப் பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். "யாரு நட்டது?"

"எல்லாரும்" என்றாள் டோர்க்கா.

"அப்ப இவளுக்குப் புருஷன் யாரு?"

"சபைதான் தாத்தா. இத்தனை புருஷனுக்கும் சோறு போட யூனியாகிட்ட மாவு கெடையாது. நீங்க வேணா ஒரு மூட்டை அனுப்புங்க."

அவர் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு கையாகப் பார்த்தார். அப்புறம் தடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணா, சாயங்காலம் நிஜமாகவே மாவு வந்தது, மூட்டை இல்லை, ஒரு கூடை.

அதற்கடுத்த வாரம் என் வீட்டுக்கும் அப்படியே நட்டோம். இப்போது நான் எழுதிக்கொண்டிருப்பது புதுக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து. ஏரியின் மேற்குக் கரையிலிருந்தும் விதவைகள் ஆள் அனுப்பிக் கேட்கிறார்கள். ஹபிலின் படகில் கம்பங்களை ஏற்றிக்கொண்டு போகிறோம். போதகர் இதை ஊழியம் என்று அறிவித்து எனக்குக் கைவைத்து ஜெபம் பண்ணினார். ஜனங்கள் எங்களுக்கு வைத்திருக்கிற பெயர் கைக்காரர்கள். யோசனை சொன்னவர் மொம்பாசாவில் இருக்கிற என் அண்ணன் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறேன்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். எனக்கு இன்னும் ஒரே ஒரு பயம் மிச்சம் இருக்கிறது. சிரா என்னைப் பிடிக்கட்டும், கவலை இல்லை. ஆனால் என்னால் என் வீட்டார் ஒருவருக்கு ஏதாவது வந்தது என்று கேள்விப்பட்டால், அன்றைக்கே கம்பத்தைக் கீழே போட்டுவிடுவேன். அது பொய் என்று ஜெபத்தில் தெரிகிறது. ஆனாலும் ராத்திரிகளில் அந்த எண்ணம் வருகிறது.

உங்கள் எழுத்து ஏன் இப்படிக் கோணலாகப் போகிறது? உடம்பு எப்படி இருக்கிறது என்று உள்ளதை எழுதுங்கள்.

உங்கள் ரிஸ்பா


மொம்பாசா
5 ஜூலை 1992

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள், கிடங்கில் வேலை அதிகம். நாங்கள் சுகம். நான் சொல்லச் சொல்ல அண்ணி எழுதுகிறாள், என் எழுத்தைக் கோணல் என்று சொன்னதற்கு இதுதான் தண்டனை. கொஞ்சம் இளைத்திருக்கிறேன், நல்லதுதான், சட்டையெல்லாம் தாராளமாக இருக்கிறது.

உன்னைப் பற்றி இங்கே ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று சொன்னேன். நான் சபையில் எழுந்து பேசியதே கிடையாது. "என் தங்கச்சிக்குக் கூரை விழுந்துச்சு, அவ அடுத்தவ கூரையை மொதல்ல கட்டினா" என்றேன். அதோடு உட்கார்ந்துவிட்டேன். பின்வரிசையில் உட்கார்ந்து தூங்குகிறவனை முன்னால் கொண்டுவந்துவிட்டாய் ரிஸ்பா. இப்போது நானும் அண்ணியும் தினம் ஜெபிக்கிறோம், நான் தொடங்குகிறேன், இருமல் வந்தால் அவள் முடிக்கிறாள்.

எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்திவிடாதே. யார் என்ன சொன்னாலும் சரி.

நம் ஊர்ப் பக்கம் கூரைப் புல் எந்த மாதத்தில் நன்றாகக் கிடைக்கும்? சும்மா கேட்கிறேன்.

நாஷோன்


கோதுவோர்
2 ஆகஸ்ட் 1992

அண்ணா,

ஸ்தோத்திரம். நாங்கள் சுகம், அதை ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன்.

சும்மா கேட்கிறவர் கூரைப் புல்லைப் பற்றிக் கேட்க மாட்டார். நீங்கள் எத்தனையோ வருஷமாக ஊரில் வீடு கட்டாதவர். அண்ணிக்கு என்று ஊரில் ஒரு வீடு ஏன் இல்லை என்று அப்பா கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தார். இப்போது என்ன திடீரென்று? யார் என்ன சொன்னாலும் என்று எழுதியிருக்கிறீர்களே, யார் என்ன சொன்னார்கள்? உடம்பைப் பற்றிக் கேட்டதற்குச் சட்டையைப் பற்றி எழுதுகிறீர்கள்.

ஊழியம் நன்றாக நடக்கிறது. யூனியாதான் இப்போது மேற்குக் கரைக்குத் தலைவி. ஓகோலா கூப்பிடாமலே ஒரு நாள் வந்து கம்பத்தில் கை வைத்தான், நான் நகர்ந்து இடம் விட்டேன். இதையெல்லாம் சந்தோஷமாக விரிவாக எழுத வேண்டும் என்றிருந்தேன், மனம் வரவில்லை. உள்ளதைச் சொல்லுங்கள்.

புல் அக்டோபர், நவம்பரில் கிடைக்கும்.
ரிஸ்பா


மொம்பாசா
11 அக்டோபர் 1992

தங்கைக்கு,

வேலையை விட்டுவிட்டேன். அண்ணி பிள்ளைகளோடு நியாகாங்காவுக்கு, நம் அப்பா ஊருக்கே வருகிறோம். அப்பா நிலத்துக்கு வடக்கே இருக்கிற மேட்டில் பெரெஸுக்கு ஒரு வீடு. நான் உயிரோடு இருக்கும்போதே, என் கையால், அதன் முதல் கம்பத்தை நட வேண்டும். அப்படி நட்டுவிட்டால் அந்த வீட்டுக்காக அவள் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது நீ.

உன் கைக்காரர்களை அனுப்பு. நீ மட்டும் வராதே. ஏற்கப்படாத விதவை வாசலில் கால் வைத்தால் கம்பத்தைப் பிடுங்கி எறிவேன் என்று சித்தப்பா சத்தியம் பண்ணியிருக்கிறார். அவரோடு சண்டை போட எனக்கு இப்போது மூச்சு இல்லை. நான் சுமக்க வேண்டியது ஒரு கம்பம், அதற்கு மட்டும் மூச்சைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

உன்னை வராதே என்று எழுதிய இந்தக் கையை மன்னித்துக்கொள்.

உன் அண்ணன்


நியாகாங்கா
16 பிப்ரவரி 1993

அன்புள்ள ரிஸ்பாவுக்கு,

உன் அண்ணி பெரெஸ் எழுதுவது. பிள்ளைகள் சுகம். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உன் அழுகை எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் எழுதத் தொடங்கினேன்.

உன் அண்ணன் அடக்கத்தன்று சித்தப்பாவின் ஆட்கள் உன்னைத் துறையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பியதைப் பிறகுதான் அறிந்தேன். படகைத் திருப்பாமல் தண்ணீரிலேயே நிறுத்திக்கொண்டு நீ பாடினாயாம். சப்லோன் சொன்னான். அது தெரிந்திருந்தால் நான் குழிக்கரையிலிருந்து எழுந்து துறைக்கு ஓடி வந்திருப்பேன்.

அவர் வாயால் உன்னிடம் சொல்லாததை இப்போது நான் சொல்ல வேண்டும். கிடங்கு டாக்டர் போன வருஷம் ஜனவரியிலேயே சொல்லிவிட்டார், நுரையீரல் முழுக்கச் சிமெண்டுத் தூசி, இனி தேறாது என்று. அதே வாரத்தில் உன் கடிதம் வந்தது, வீட்டார் ஒருவருக்கு ஏதாவது என்றால் கம்பத்தைக் கீழே போட்டுவிடுவேன் என்று. அவர் அதை மடித்து வைத்துவிட்டு என்னிடம் சத்தியம் வாங்கினார். "அவகிட்டச் சொல்லாத பெரெஸ். சொன்னா தன்னாலதான்னு நெனச்சு விட்ருவா. அவ கையை விட்டா எத்தனை பேர் கூரை விழும் தெரியுமா?" என்றார். ஊரிலிருந்து சிரா, சிரா என்று சொல்லி அனுப்பினார்கள். தங்கையை நிறுத்தச் சொல், நீ பிழைப்பாய் என்றார்கள். ஒரு வார்த்தை உனக்கு எழுதினாரா? சட்டை தாராளமாக இருக்கிறது என்று எழுதச் சொன்னார். நான் பேனாவைக் கீழே வைத்தேன், அவர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

கம்பம் நட்ட அன்று என்ன நடந்தது என்று உன் ஆட்கள் பாதிதான் சொல்லியிருப்பார்கள். அவர் முன்னால் நின்று கேட்டவள் நான்.

சித்தப்பா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "தங்கச்சி முறையை ஒடச்சா, சிரா அண்ணனைத் திங்குது. கண்ணால பாத்துக்கங்க." கைக்காரர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். டோர்க்காவும் கூடத்தான்.

உன் அண்ணன் கம்பத்தில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார்: "சித்தப்பா, எனக்கு இந்த இருமல் வந்தப்போ அவ புருஷன் உயிரோட ஏரியில மீன் பிடிச்சிட்டிருந்தான். என்னைக் கேலி பண்ணுனதே அவன்தான். இது சிமெண்டு. என் தங்கச்சி எனக்குக் குடுத்தது வேற. சாவப் போறவன் நான், எனக்குப் பயம் இல்லை. அது அவகிட்டேருந்து வந்துச்சு."

சித்தப்பா கம்பத்தைக் காட்டினார். "வீடு கட்டுறவன் தன் கையால நடணும். அதையாவது செய்" என்றார்.

அவர் தூக்கப் பார்த்தார், ரிஸ்பா. கம்பம் அசையவில்லை. இன்னொரு தடவை பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போது அவர் சொன்னார்: "எல்லாரும் வாங்க. நான் எழுதிக் குடுத்த யோசனைதானே, எனக்கே உதவலேன்னா எப்படி?" அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துக்கொண்டு வந்து பிடித்தார்கள். அவர் கைக்கு மேலே என் கை. மேலிருந்து கீழ்வரை கைகள். தூக்குவதற்கு முன்னால் அவர் தன் கைக்குப் பக்கத்தில் இருந்த சப்லோனின் கையைக் கீழே நகர்த்தினார். "இங்க ஒரு கை அளவு விடுங்க. இது ரிஸ்பாவோட எடம்" என்றார். அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் கம்பத்தை நட்டோம்.

அவர் அந்தக் கூரைக்குக் கீழேதான் கண்ணை மூடினார். அன்று மழை பெய்தது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. "தங்கச்சி கூரை" என்றார், அதுவே கடைசி வார்த்தை. அந்த வாசலுக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் பண்ணினோம்.

போன வாரம் சித்தப்பா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார், என்னை ஏற்றுக்கொள்ள. வீட்டில் ஏற்கெனவே கம்பம் இருக்கிறது என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பினேன். இந்த வீட்டுக்கு வாசல் தனி. அது என் வாசல். என் புருஷன் நட்டது. அதற்குள் யார் வரலாம் என்று சொல்ல வேண்டியவள் நான். நான் கூப்பிடுகிறேன், வா.

சுவருக்கு மண் பூசி முடித்தாயிற்று. வாசல் கம்பத்தில் அந்த ஒரு கை அளவு இடத்தை மட்டும் பூச விடவில்லை. நீ வந்து கை வைத்த பிறகு பூசிக்கொள்ளலாம்.

உன் அண்ணி,
பெரெஸ்


கோதுவோர்
21 பிப்ரவரி 1993

என் அண்ணிக்கு,

கடிதத்தைச் சபையில் படித்தேன். பாதிக்குமேல் படிக்க முடியவில்லை, மீதியைப் போதகர் படித்தார். எனக்கு இருந்த கடைசிப் பயத்தை அண்ணன் ஒரு வருஷம் எனக்குப் பதிலாகச் சுமந்திருக்கிறார், எனக்குத் தெரியாமல் போயிற்று.

கம்பத்தைக் கீழே போட மாட்டேன், அவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லுகிற இடம் உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

புதன்கிழமைப் படகில் வருகிறேன். மண்ணைக் குழைத்து வையுங்கள்.

ரிஸ்பா